நிற்காத ஆணியை மறைக்காதீர்கள்

பியானோ ட்யூனிங் தொழிலில் இருக்கும் தோழர்களுக்கும், புதிதாக லீவர் பிடித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



கடையிலிருந்து வந்து வருடம் திரும்பாத பியானோவில் ஆணி நழுவினால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பையிலிருந்து சுத்தியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுகிறோம். சுருதி சேர்க்கிறோம். கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கொஞ்ச நாளில் மறுபடி அழைப்பு வருகிறது. "மெட்ராஸ் கிளைமேட் அப்படிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டுகிறோம். வாரண்டி முடியும்வரை பியானோ இப்படியே ஓடுகிறது. முடிந்த பிறகு, "பின் பிளாக் போயிடுச்சு சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறோம். முதல் நாளே நம் கைக்குத் தெரிந்துவிட்ட விஷயம் அது.

இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஐம்பது அறுபது வருடம் உழைத்த பியானோவில் ஆணி தளர்ந்தால் அது வயசுக் கோளாறு. அங்கே நம் கைவைத்தியம் புண்ணியம். புதுப் பியானோவில் தளர்ந்தால் அது செய்தவரின் குறை, விற்றவரின் பொறுப்பு. இரண்டையும் ஒரே சுத்தியால் தட்டிச் சமாளிக்கிறோம் என்றால், வாங்கியவரின் பணத்தில் கம்பெனியின் தப்பை நாம் மூடிக் கொடுக்கிறோம் என்று பொருள்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். பழைய கைகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பியானோவுக்கு 88 கீ. கம்பிகளோ ஏறக்குறைய 230. ஒவ்வொரு கம்பியும் 70, 80 கிலோ இழுவிசையில் நிற்கிறது. மொத்தமாகக் கூட்டினால் 16 முதல் 20 டன். இந்தப் பாரத்தைத் தாங்குவது வார்ப்பிரும்பு பிளேட். ஆனால் சுருதியைப் பிடித்து வைத்திருப்பது அது இல்லை. சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனும் 6 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரும்பு ஆணி ஒன்று, மரத்தில் போட்ட துளைக்குள் வெறும் உராய்வால் நிற்கிறது. ஆணியில் மெல்லிய மரை உண்டு. ஆனாலும் அது திருகாணிபோல மரத்தைக் கவ்விக்கொள்வதில்லை. வீணையில் பிரடை நழுவினால் சாக்குத்தூள் தடவிச் சமாளிக்கிறார்களே, அடிப்படையில் அதே தத்துவம்தான். வீணையில் பிரடை ஏழு, உருவிப் பார்த்துச் சரிசெய்யலாம். இங்கே 230, ஒன்றை உருவினால் அதன் கம்பியும் கூடவே வரும்.

அந்த ஆணிகளைப் பிடித்திருக்கும் பின் பிளாக்தான் பியானோவின் உயிர்நிலை. வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. பெரும்பாலான மாடல்களில் பிளேட் அதை முழுக்க மூடியிருக்கும். ஹார்ட் மேப்பிள் அல்லது பீச் மரத்தின் அடுக்குகளை, நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படியும்படி ஒட்டி அழுத்திச் செய்வது முறை. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துளை ஆணியைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும். டிரில் பிட் கூராக இருக்க வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் செலவைக் குறைக்க நினைக்கும் தொழிற்சாலை கைவைப்பதும் இங்கேதான், ஏனென்றால் இது வெளியே தெரியாத இடம். கறுப்பு பாலிஷில் முகம் பார்க்கலாம், மூடியில் தங்க எழுத்தில் ஜெர்மன் பெயர் மின்னும். (மூடிப்போன பழைய ஐரோப்பியக் கம்பெனியின் பெயரை விலைக்கு வாங்கி, வேறெங்கோ செய்த பியானோவில் ஒட்டுவது இந்த வியாபாரத்தில் நெடுநாள் வழக்கம்.) உள்ளே இருக்கும் பிளாக்கோ மென்மரம், மட்டமான பசை.

மழுங்கிய பிட்டால் வேகமாகத் துளை போட்டால் சூடேறி, துளையின் சுவர் கருகி வழுவழுப்பாகிவிடும்; ஆணிக்குப் பிடி இருக்காது. பிட் ஆடினால் துளை பெரிதாகிவிடும். காயாத மரமாக இருந்தால் தொழிற்சாலையில் எல்லாமே இறுக்கமாகத்தான் தெரியும், ஷோரூமிலும் தெரியும். வாங்கியவர் வீட்டு ஏசியில் ஒரு கோடை கழிந்த பிறகுதான் சாயம் வெளுக்கும்.

இங்கேதான் "மெட்ராஸ் கிளைமேட்" என்ற நம் பல்லவியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் இருக்கும்போது மரம் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 80 சதவீதத்துக்கு ஏறினால் அது 16 சதவீதத்தை எட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாக் ஊதுகிறது. ஊத இடமில்லாமல் இரும்பு ஆணியின்மேல் மோதித் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. பிறகு இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் சுருங்கும்போது, நசுங்கிய நார் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. துளை பெரிதாகி நிற்கிறது. வருடா வருடம் இது நடக்கும். நல்ல பிளாக் இதைப் பல பத்தாண்டு தாங்கும், மோசமான பிளாக் ஒரு சுற்றிலேயே கைவிட்டுவிடும். இதே சென்னையில், கடல் காற்று அடிக்கும் வீடுகளில், அரை நூற்றாண்டு கடந்த அப்ரைட்டுகள் ஆணி நழுவாமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலனி காலத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தியாவுக்கென்றே வெப்பமண்டல மாடல்கள் செய்து அனுப்பின. ஒட்டுகளைப் பசையை மட்டும் நம்பி விடாமல் திருகாணியும் போட்டார்கள். வெயிலும் மழையும் அன்றும் இருந்தன. இந்தியாவில் விற்பதற்காக ஒருவர் பியானோ செய்தால், இந்தியாவின் காற்றும் அவர் கணக்கில் வந்தே ஆக வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. பிளாக் ஊதியிருப்பதால் தளர்ந்த ஆணிகூட இறுக்கமாகத் தெரியும். கார்த்திகையில் பார்த்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பங்குனி, சித்திரையில் இன்னொரு முறை பாருங்கள்.

குறையைச் சொல்வதற்கு முன் குறைதானா என்று உறுதி செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் நாம் அவசரப்படக் கூடாது. ஒரு தப்பான குற்றச்சாட்டு போதும், அடுத்த பத்து உண்மையான புகாரையும் கடைக்காரர் தள்ளிவிடுவார். புதுப் பியானோவில் கம்பி நீளும். முதல் வருடத்தில் மூன்று நான்கு ட்யூனிங் தேவைப்படுவது இயல்பு. ஆனால் அந்த இறக்கம் ஊர்வலம்போல எல்லாக் கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். ஆணி தளர்ந்தால் அப்படி வராது. ஒரே சுரத்தின் மூன்று கம்பியில் இரண்டு 440-இல் நிற்க, ஒன்று மட்டும் கீழே போயிருக்கும். சுத்தமாக இருந்த யூனிசன் வவ் வவ் என்று அலையத் தொடங்கும். பக்கத்துச் சுரம் ஒன்றும் ஆகாமல் இருக்கும்.

ஆணியைச் சந்தேகிக்கும் முன் கம்பிச் சுருளைப் பாருங்கள். சுற்றுகள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றனவா, கம்பியின் நுனி ஆணியின் கண்ணுக்குள் முழுதாகப் போயிருக்கிறதா, பிரிட்ஜில் கம்பி சரியாகப் படிந்திருக்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்தால் லீவரை ஏற்றுங்கள். சுருதியைக் கொஞ்சம் மேலே கொண்டுபோய், இறக்கி, நிறுத்தி, கையின் அழுத்தத்தை மெல்ல மெல்ல எடுங்கள். நல்ல ஆணியில் கைக்கு ஒரு கனமான எதிர்ப்பு தெரியும். ஆணி அடி முதல் நுனி வரை ஒன்றாகத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்கும். தளர்ந்த ஆணியில், அப்ரைட் என்றால், கையை விட விட லீவர் தானாகவே இடப்பக்கம் சரியும். அந்தச் சரிவை ஒருமுறை கை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. ஆனால் "என் கைக்குத் தெரிகிறது" என்பது நமக்குள் செல்லும், கம்பெனியிடம் செல்லாது.

அதனால் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஆணியைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டியிருக்கிறது என்பதை இன்ச்-பவுண்டில் காட்டும் கருவி. நல்ல புதுப் பியானோவில் 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்டும். 50-க்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும், 30-க்குக் கீழே போன ஆணி சுருதியை வைத்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஒரு தனி எண்ணைவிட முக்கியமானது, எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளர்ந்திருந்தால் துளைபோட்டவரின் கை பிசகியிருக்கலாம். வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து ஆணிகள் தளர்ந்திருந்தால் பிளாக்கில் வெடிப்பு ஓடுகிறது, அல்லது அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்கு நம்மிடம் வைத்தியம் இல்லை.

ஒரு பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்து ஊர் ஒன்றின் தேவாலயம். கிறிஸ்துமஸ் கேரல் சர்வீசுக்கு முன்னால் அழைத்திருந்தார்கள். சபையார் ஆளுக்குக் கொஞ்சமாகக் காணிக்கை போட்டு வாங்கிய புது அப்ரைட். மேல் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், நடு டிரெபிளில் அடுத்தடுத்து ஒரு பத்துப் பன்னிரண்டு ஆணிகளின் தலை மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தது. கம்பிச் சுருள் பிளேட்டின் பெயின்ட்டை உரசிக்கொண்டிருந்தது. அதாவது, எனக்கு முன்னால் வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் தட்டித் தட்டி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். இனி இறக்க இடமே இல்லை. வாரண்டி ஒரு வருடம், அது முந்தைய மாதம் முடிந்திருந்தது. பாடகர் குழுத் தலைவர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து காட்டினார். ரசீதுகள் இருந்தன, "ட்யூனிங் செய்யப்பட்டது" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. ஆணி தளர்ந்திருக்கிறது என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. விற்ற கடைக்குப் போன் செய்தார். "ட்யூனிங் வாரண்டியில வராதுங்க" என்று பதில் வந்தது. ட்யூனிங் வாரண்டியில் வராதுதான். ட்யூனிங்கைப் பிடித்து வைக்க வேண்டிய மரம் வாரண்டியில் வரும். அந்த மரம் வாரண்டிக் காலத்திலேயே கெட்டிருந்தது என்பதை நிரூபிக்க அவர் கையில் காகிதம் இல்லை. அந்தக் கேரல் சர்வீஸ் வாடகைக்கு எடுத்த கீபோர்டில் நடந்தது.

எழுதுவது பெரிய காரியமில்லை. பியானோவின் மாடல், சீரியல் நம்பர், தேதி, அன்று அறையின் ஈரப்பதம் (சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்), எந்தச் சுரத்தில் இடது, நடு, வலது எந்தக் கம்பி, ஒவ்வொன்றிலும் டார்க் எவ்வளவு, போன ட்யூனிங்கிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது. சுருளுக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும்படி இரண்டு மூன்று படங்கள். கீழே உங்கள் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். "மட்டமான பியானோ", "ஏமாற்றிவிட்டார்கள்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அளந்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு பிரதியை வாடிக்கையாளர் கடைக்கு அனுப்பட்டும்.

வீட்டுக்கு வாங்கியவர் என்றால் அவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தன் ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலான விவகாரம் அந்த அளவுக்குப் போவதில்லை. அளவெடுத்து எழுதிய ஒரு பக்கம் மேஜைக்கு வந்ததுமே கடைக்காரரின் குரல் இறங்கிவிடுகிறது.

இப்போது தொழில் விஷயம். புதுப் பியானோவில், விற்றவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த மருந்தும் போடாதீர்கள். நீங்கள் ஒரு சொட்டு ஊற்றிய மறுநிமிடம், "வெளியாள் கைவைத்துவிட்டார்" என்று கம்பெனி கழன்றுகொள்ளும். சம்மதம் கிடைத்தால், நாலைந்து ஆணிகள் மட்டும் தளர்ந்திருந்தால், சரியான வழி ஒரு அளவு பெரிய ஆணி. 2/0 இருந்த இடத்தில் 3/0. வித்தியாசம் சுமார் 0.13 மில்லிமீட்டர்தான், ஆனால் போதும். ஆசைப்பட்டு இரண்டு மூன்று அளவு தாண்டிப் பெரிதை இறக்கினால், மட்டமான பிளாக் பக்கத்துத் துளை வரைக்கும் வெடிக்கும். அப்புறம் அந்த வெடிப்பு உங்கள் கணக்கு.

தட்டி இறக்குவது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வரை செல்லுபடியாகும் வைத்தியம்; சுருள் பிளேட்டைத் தொடக் கூடாது. கிராண்டில் பிளாக்குக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்காமல் சுத்தியைத் தூக்கவே கூடாது. எமரி காகிதத் துண்டைத் துளைக்குள் சொருகும் பழைய வித்தை, கிழட்டுப் பியானோவில் ஒற்றை ஆணிக்கு மட்டும். கிளிசரின் கலந்த திரவத்தை ஊற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மரம் ஊதுவதால் கொஞ்ச நாள் இறுகும். ஆனால் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆணி துருப்பிடிக்கும், அதற்குப் பிறகு எந்தப் பசையும் அங்கே ஒட்டாது.

சயனோஅக்ரிலேட் வேறு விஷயம். 1942-இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் தற்செயலாகக் கண்டது, 1958-இல் கடைக்கு வந்தது. நம் ஊரில் ஃபெவிக்விக் என்றால் எல்லோருக்கும் தெரிகிற அந்தக் குடும்பத்துப் பசை. ஆணிக்கு வேண்டியது தண்ணீர்போல மெல்லிய ரகம். கடையில் கிடைக்கும் கெட்டியான ஜெல் உதவாது. ஆணியின் கழுத்தில் சொட்டுவிட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இனி இழுக்காது என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். ஆணிக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வெளியை நிரப்பி, நசுங்கிய நாரைக் கெட்டியாக்கும். மறுநாள் லீவர் போட்டால் முதலில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விடுபட்டு, பிறகு ஒழுங்காகத் திரும்பும். அப்ரைட்டை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு ஆள் பலம் வேண்டும். கிராண்டில் ஆக்‌ஷனை வெளியே எடுக்காமல் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள், அடியில் கசிந்து ஹேமர்மேல் விழும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போடுங்கள். அந்த நெடி கண்ணைப் பிழிந்துவிடும்.

பழைய பியானோவுக்கு நான் இதை நாள்தோறும் சிபாரிசு செய்வேன். புதுப் பியானோவுக்குச் செய்ய மாட்டேன். லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் புதுசு வாங்கியவருக்குப் பசை போட்டு ஒட்டியதைக் கொடுப்பது நியாயம் இல்லை. ஒரு பகுதி முழுக்கத் தளர்ந்திருந்தால் பியானோவைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். பிளாக்கை மாற்றலாமே என்று கேட்பார்கள். பிளேட்டைத் தூக்கி, 230 கம்பியையும் கழற்றி, புதுக் கம்பி போட்டு முடிப்பதற்குள் மலிவுப் பியானோவின் விலையைச் செலவு தாண்டிவிடும்.

மலிவு என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இன்று உலகில் அதிகம் பியானோ செய்வது சீனா. அங்கே தேறாத பியானோவும் செய்கிறார்கள், விலைக்கு மேல் தேறும் பியானோவும் செய்கிறார்கள். எது எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். வாங்கும் முன்பே நம்மைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் குறைவு. அவர்களிடமாவது, பாலிஷையும் பெயரையும் விட்டுவிட்டு, ஆணிகளை அளந்து சொல்லுங்கள்.

நம் தயக்கம் என்ன என்பதும் தெரியும். நம்மில் பாதிப் பேருக்கு வேலை வருவதே கடைக்காரர் மூலமாகத்தான். இப்படி எழுதிக் கொடுத்தால் அடுத்த வேலை வராது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நல்ல கடைக்காரருக்கு இந்தக் காகிதம் தேவைப்படுகிறது. அதை வைத்துத்தான் அவர் தொழிற்சாலையிடம் ஈடு கேட்க முடியும். எழுதாதே என்று சொல்கிற கடைக்காரரிடம் எத்தனை நாள் வேலை செய்வது என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்தில் ஒரு குழந்தை ட்ரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தினமும் அப்படி ஆணி தளர்ந்த ஒரு பியானோவில் உட்காருகிறது. அலையும் யூனிசனையே கேட்டுக் கேட்டு, அதுதான் சுரம் என்று அதன் காது பழகிவிடுகிறது. அம்மா அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, நம்மை நம்பித்தான் கதவைத் திறக்கிறார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். புதுப் பியானோ வீட்டுக்குப் போகும்போது டார்க் ரெஞ்சையும் ஒரு ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். ஆணி நிற்கவில்லை என்றால் சுத்தியை வெளியே எடுக்காதீர்கள். அளந்து எழுதி, தேதி போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வாரண்டி முடிவதற்குள் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு தொழில் செய்யும் ஒருவன்,
சென்னை